பிடிமண்ணும் பட்டாவும்

ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதன் சாமி என்ன ஆகிறது? தென்மாவட்டங்களில் இந்தக் கேள்விக்கு எந்தச் சாத்திரத்திலும் எழுதாத ஒரு பதில் தலைமுறை தலைமுறையாகப் புழக்கத்தில் இருக்கிறது. பழைய கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். அல்லது சாமியாடியிடம் வாக்குக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் பூசாரி கோயில் வாசலில் ஒரு பிடி மண் அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பார். வழியில் எங்கும் கீழே வைக்காமல் அதைக் கொண்டுபோவார்கள். புது இடத்து எல்லைச்சாமிக்கு முதல் படையல் போட்டுவிட்டு, எழுப்பும் பீடத்தின் அடியில் அந்த மண்ணை இடுவார்கள். அன்றிலிருந்து சாமி அங்கேயும் இருக்கிறது. பழைய கோயிலில் அதனால் எதுவும் குறைந்துவிடுவதில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். அதற்கும் மேலே தேவிகுளம், மூணாறு என்று தேயிலை. இந்த வழியாக ஏறிய பிடிமண்ணுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் ஓரத்தில், ஓடைக்கரையில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால், மரத்தடியில் சூலம் நட்டு மாரியம்மனும் முனீஸ்வரனும் கருப்பசாமியும் குடியேறிவிட்டார்கள். சோதனைச் சாவடியெல்லாம் மனிதர்களுக்குத்தான்.

ஓரிடத்துக்கு ஒருவர் உரியவர் ஆவது எதனால்? அங்கே பிறந்ததாலா, உழைத்ததாலா, அங்கே தம்மவரைப் புதைத்ததாலா, அரசு கொடுத்த காகிதத்தாலா? தத்துவவாதிகளும் நீதிமன்றங்களும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். ஏலமலையில் ஏறிய சாமிகளைக் கவனித்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. அதில் ஓட்டைகள் உண்டு. ஆனாலும் அது மற்றவற்றைவிட மனிதர்களின் வாழ்க்கைக்கு அருகில் நிற்கிறது.

முதலில் இந்த மலையின் பூர்வகுடி யார் என்று தேடிப் பார்க்கலாம். அடிவாரத்தில் போடியை ஆண்ட ஜமீன் குடும்பம் தெலுங்கு பேசும் நாயக்கர் குடும்பம். இன்றைய ஆந்திரத்தின் குத்திப் பகுதியிலிருந்து தம் முன்னோர் இடம்பெயர்ந்து வந்தார்கள் என்பது அவர்களுடைய மரபுரை. சரி, மலைமேல் வாழும் முதுவர்கள்? அவர்களும் மதுரையிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறியதாக ஒரு கதை. மீனாட்சியின் சிலையைச் சுமந்து ஏறியதாக இன்னொரு கதை. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுதிகளிலேயே இந்த இடப்பெயர்வு மரபு பதிவாகியிருக்கிறது. இந்த மலைகளின் பெரும் பகுதிக்கு அதிபதியாக இருந்த பூஞ்சாறு அரச குடும்பமும் தன்னைப் பாண்டிய வழி என்றே சொல்லிக்கொள்கிறது. பூஞ்சாற்றில் மீனாட்சிக்குக் கோயிலும் உண்டு. 1877-இல் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தவர் அந்தப் பூஞ்சாறு ராஜாதான். ஆக, கொடுத்தவரும் வந்தவர், வாங்கியவரும் வந்தவர், அதுவரை காட்டில் இருந்தவர்களும் ஒரு காலத்தில் வந்தவர்கள்.

பிறகு வந்தவர்கள் கூலிக்கு வந்தார்கள். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கம் போய் ஆள் சேர்த்தார்கள். மூணாற்றுத் தேயிலை அந்தக் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. தேயிலை இறங்கிய மலையில் மனிதர்கள் ஏறினார்கள். 1928-இல் மதுரை ரயில் போடிவரை வந்து நின்றபின் மலையடிவாரம் இன்னும் நெருங்கியது. மறுபக்கத்திலிருந்து, 1940-களின் உணவுப் பஞ்சத்தின்போது கோட்டயம், மீனச்சல் பகுதி விவசாயிகள் காட்டைத் திருத்திப் பயிர்செய்ய மேலேறினார்கள். 1950-களின் நடுவில் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு குடியேற்றத் திட்டமே போட்டது. கல்லாற்றுப் பக்கம் உருவான குடியிருப்புக்குப் பட்டம் காலனி என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

லயத்தில் ஒருவருடைய பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள அவரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எந்தத் திருநாளுக்கு லீவு போடுகிறார் என்று பார்த்தால் போதும். மாசி சிவராத்திரிக்குக் கீழே இறங்கினால் முன்னோர் மதுரை, தேனிப் பக்கம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைத் தேடிப் போனால் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம். தாத்தா பிறந்த ஊரில் வீடு கிடையாது, நிலம் கிடையாது, ஓட்டும் கிடையாது. குலசாமி மட்டும் உண்டு. மேலே மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர் கீழே குலசாமிக்குக் கிடா வெட்டுகிறார். இரண்டில் எது தன் ஊர் என்ற குழப்பம் அவருக்கு இல்லை. குழப்பமெல்லாம் அரசுகளுக்குத்தான்.

அந்தக் குழப்பம் பெரிதாக வெளிப்பட்டது 1950-களில். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கும் பேச்சு எழுந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தமிழ் பேசுவோர் அங்கே பெரும்பான்மை என்பது அதன் வாதம். எதிர்த்தரப்போ, தோட்டத் தொழிலாளர்கள் இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர்கள், அவர்களை நிலையான குடிகளாக எண்ணக் கூடாது என்றது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கோடு எங்கே விழுந்திருக்க வேண்டும் என்ற வழக்கை இன்று கிளறிப் பயனில்லை. கவனிக்க வேண்டியது அந்த வாதத்தை. தாத்தா கொழுந்து கிள்ளிய மலையில் பேத்தி கொழுந்து கிள்ளினாலும் அவள் போகிறவள்தான் என்றால், எத்தனை தலைமுறை கழிந்தால் ஒருவர் இருக்கிறவர் ஆவார்?

தத்துவ உலகில் இந்தக் கேள்வியை நேராகத் தொட்டவர் ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட். 1795-இல் வெளியான நிரந்தர அமைதி பற்றிய சிறு நூலில் அவர் ஒரு வாதம் வைக்கிறார். பூமி உருண்டை; மனிதர்கள் எல்லையில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது; ஆகவே ஒருவர் மண்ணில் மற்றவர் கால் வைப்பதைச் சகித்தே ஆக வேண்டும். அந்நியரைப் பகைவராக நடத்தாதிருப்பது தர்மம் சார்ந்த சலுகை அன்று, அது அவருடைய உரிமை என்றார் காண்ட். ஆனால் அவர் கொடுத்தது வந்து போகும் உரிமையை மட்டுமே. தங்கிவிடுவதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு இது உதவாது. அவர்களோடு எவரும் அப்படி ஒப்பந்தம் போடவில்லை.

வைதிக மரபிலும் இடம் பெரிய விஷயம்தான். கடல் கடந்து போவதைச் சாதி இழக்கச் செய்யும் பாவங்களில் ஒன்றாகப் போதாயன தர்மசூத்திரம் வைக்கிறது. 1888-இல் லண்டனுக்குப் படிக்கக் கிளம்பிய காந்தியை அவருடைய மோத் வணிகச் சாதியார் பம்பாயில் கூடி ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் அதே காலத்திலும் அதற்கு முன்பும் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் போன இடமெல்லாம் அம்மனுக்குக் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தோன்றியது 1827-இல். ஆச்சாரம் கடலைக் கண்டு அஞ்சி நின்றபோது நாட்டார் தெய்வங்கள் கப்பலேறிவிட்டன.

ஆகமமும் இதற்கு முழுக்க எதிர் என்று சொல்லிவிட முடியாது. கோயில் திருப்பணியின்போது மூர்த்தத்தின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கிப் பாலாலயத்தில் வைத்துப் பூசிப்பது ஆகம முறையே. இறைவன் ஒரு கல்லுக்குள் அடைபட்டவர் அல்லர், அழைத்தால் வருவார் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம் நகரில் ஈழத்திலிருந்து அகதிகளாகப் போனவர்கள் 2002-இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பிக் குடமுழுக்கு நடத்தினார்கள். தொழிற்பேட்டைக்கு நடுவே நிற்கிறது அந்தக் கோயில். அம்பாளின் தீர்த்தவாரி சரக்குப் படகுகள் போகும் கால்வாயில் நடக்கிறது. அந்தக் கால்வாய்க்குத் தலபுராணம் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் வந்து நிற்பதால் அன்றைக்கு அது தீர்த்தம்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போடிமெட்டு நிற்கும் அதே மலைத்தொடரில், தெற்கே கூடலூருக்கும் குமுளிக்கும் மேலே, மங்கலதேவிக் கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, பக்தர்களுக்குத் திறக்கிறார்கள். பளியன்குடியிலிருந்து தமிழ்நாட்டுக்காரர்கள் நடந்து ஏறுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்புகள் போகின்றன. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. எல்லை எது என்று இரு மாநிலங்களும் வாதிடும் இடத்தில் அந்த ஒரு நாள் இரு மொழியிலும் வேண்டுதல் ஒலிக்கிறது.

அங்கே நிற்பவள் யார் என்று யோசித்தால் வியப்பு கூடுகிறது. சிலப்பதிகாரத்தின்படி அவள் சோழநாட்டில் பிறந்தவள். பிழைக்கப் போன இடம் பாண்டிய நாடு. அங்கே கணவன்மேல் பொய்க் குற்றம் சுமத்தி விசாரிக்காமலே கொன்றார்கள். வெளியூர்க்காரனுக்காகப் பேச அந்த நகரத்தில் எவருமில்லை. எல்லாம் இழந்து அவள் ஏறியது சேரநாட்டு மலை. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணைத் தெய்வமாகக் கொண்டாடியவர்கள் மலைக்குறவர்கள். பிறகுதான் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்தான். இலங்கையின் கயவாகு மன்னன் விழாவுக்கு வந்தான். இன்று இலங்கையில் சிங்கள பௌத்தர்கள் அவளைப் பத்தினித் தெய்வம் என்று வணங்குகிறார்கள். மட்டக்களப்புத் தமிழர்கள் கண்ணகி அம்மன் என்று குளிர்த்தி பாடுகிறார்கள். நாடு மாறி வந்து, நீதி கிடைக்காமல், மூன்றாவது ஊரில் தெய்வமானவளை இரண்டு நாடுகள், மூன்று மொழிகள், இரண்டு மதங்கள் தமதென்று சொல்கின்றன. புலம்பெயர்ந்தவரைப் பற்றி இந்த மலைக்கு ஒரு சமயக் கருத்து உண்டென்றால் அதை மங்கலதேவியில் பார்க்கலாம்.

ஆனால் தெய்வத்தை வரவேற்கிறவர்கள் அந்தத் தெய்வத்தைச் சுமந்து வந்த மனிதர்களையும் வரவேற்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2011 டிசம்பர் அதைக் காட்டியது. முல்லைப்பெரியாறு அணைத் தகராறு கொதித்த வாரங்களில் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மேலே போய்வந்தவர்கள் போக முடியவில்லை. மேலே தங்கியிருந்தவர்கள் குழந்தைகளோடு மலைப்பாதைகளில் இறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. அது சபரிமலைக்கு மாலை போடும் காலம். இரு பக்கமும் ஒரே ஐயப்பனுக்குத்தான் சரணம் சொன்னார்கள்; ஐயப்பனை வளர்த்ததாகச் சொல்லப்படும் பந்தளம் அரச குடும்பமும் பாண்டிய வழி என்றே தன்னைச் சொல்கிறது. அந்தச் சரணமும் அன்று எவரையும் காக்கவில்லை. சில வாரங்களில் ஜீப்புகள் மறுபடி ஏறின. காய் எடுக்க அவர்களுக்கு ஆள் வேண்டும். இவர்களுக்குக் கூலி வேண்டும். பக்தி சேர்க்காததைப் பிழைப்பு சேர்த்தது.

சாமியை வைத்து மனிதரைச் சேர்க்க முடியாமல் போவது ஒரு பக்கம். சாமியை வைத்து நிலம் பிடிப்பது இன்னொரு பக்கம். போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் வழியில் சின்னக்கானல் வருகிறது. அங்கே பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நட்டிருந்த பெரிய சிலுவையை 2017 ஏப்ரலில் வருவாய்த்துறையினர் அகற்றினார்கள். அகற்றிய விதத்தை முதலமைச்சர் பினராயி விஜயனே கண்டிக்கும் அளவுக்கு அது பெரிய சர்ச்சை ஆனது. சூலத்தை நட்டு, பிறகு கொட்டகை போட்டு, பிறகு காம்பவுண்டு எழுப்பிப் பட்டா கேட்கும் வேலை தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. பிடிமண் மரபுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிடிமண் எடுக்கிறவர் இரண்டு இடத்தில் உத்தரவு கேட்கிறார்: விட்டுப் போகும் சாமியிடம் ஒன்று, போய்ச்சேரும் இடத்தின் சாமியிடம் ஒன்று. பாப்பாத்திச்சோலையில் இரண்டில் ஒன்றையும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வந்தவர் உத்தரவு கேட்பது பாதிதான். மறுபாதி, இருப்பவர் என்ன செய்கிறார் என்பது. அதற்கும் கோயில் வழக்கில் ஒரு அளவுகோல் உண்டு: வரி.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுவார்கள். நோட்டோடு வீடு வீடாகப் போகும் கமிட்டிக்காரர்கள் எந்த வாசலில் நிற்கிறார்களோ அந்த வீடு ஊரைச் சேர்ந்தது. வரி கொடுத்தவருக்குத் திருவிழாவில் பேச்சுரிமை, பங்கு, முறை எல்லாம் உண்டு. நன்கொடை யார் வேண்டுமானாலும் தரலாம், வரி அப்படியில்லை. காப்புக் கட்டியபிறகு ஊர் எல்லைக்குள் இருப்பவர் வெளியே போய் இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் எப்போது வந்தவர் என்று பார்ப்பதில்லை. எல்லைக்குள் இருந்தால் அவர் கட்டுப்பட்டவர். பேப்பரில் எழுதிய குடியுரிமையைவிட இது பழையது. சில வகையில் இதுவே நேர்த்தியானது. உரிமைக்கு முன்பு பொறுப்பைக் கொடுக்கிறது. எப்போது வந்தாய் என்று கேட்காமல், விழாவுக்குப் பங்கு தருகிறாயா என்று கேட்கிறது.

வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. 622-இல் மக்காவைவிட்டு மதீனாவுக்கு வந்தவர்களை நபிகள் நாயகம் பொது இரக்கத்துக்கு விட்டுவிடவில்லை. வந்தவர் ஒருவரையும் உள்ளூர்க்காரர் ஒருவரையும் இணைத்து உடன்பிறப்பு ஆக்கினார். எகிப்தில் தாங்கள் அந்நியராய் இருந்ததை நினைத்து, தம்மிடம் வந்த அந்நியரை ஒடுக்காதிருக்க வேண்டும் என்பதை மோசேயின் நூல்கள் இஸ்ரயேலருக்குச் சட்டமாகவே விதித்தன. நல்லெண்ணம் வரட்டும் என்று காத்திராமல் ஏற்பாடு செய்தார்கள் என்பதே இவற்றின் பொது அம்சம்.

வரி நோட்டின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தலித்துகளிடம் வரி வாங்க மறுப்பது தமிழ்நாட்டில் அவர்களை ஒதுக்கும் பழைய வழிகளில் ஒன்று. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் அதிகாரிகள் துணையோடு நுழைய முடிந்தது 2023 ஜனவரியில்தான். அவர்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர். அதே ஊரில் பிறந்தவர்களே அந்நியராக்கப்பட்டிருந்தார்கள். மூணாற்றுக்கும் ஏலமலைக்கும் ஏறியவர்களில் பெரும் பகுதியினர் இப்படி ஊரால் ஒதுக்கப்பட்ட சாதியினரே. கீழே கோயிலுக்குள் விடப்படாதவர்கள் மேலே தாங்களே கோயில் கட்டிக்கொண்டார்கள். சிலர் சர்ச்சுக்குப் போனார்கள்.

அப்படிப் போனதும் ஒரு நாள் நீதிமன்றத்துக்கு வந்தது. தனித்தொகுதியான தேவிகுளத்தில் 2021-இல் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா. அவர் வெற்றி செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. அது இரண்டு விஷயங்களைக் கேட்கிறது: அந்தத் தேதியில் உன் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது? உன் மதம் எது? ஆகவே தாத்தாவும் பாட்டியும் குண்டளை எஸ்டேட்டுக்கு எப்போது வந்தார்கள் என்றும், பேரன் ஞானஸ்நானம் பெற்றவரா என்றும் விசாரணை நடந்தது. எஸ்டேட் பதிவேடும் சர்ச் பதிவேடும் சாட்சிக்கு வந்தன. கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து அவர் வெற்றியை உறுதிப்படுத்தியது. அவர் சட்டமன்ற உறுப்பினர் என்பதால் வழக்கு டில்லிவரை போனது. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் 1950-க்கு முந்தைய காகிதத்தைத்தான் தேட வேண்டும். அந்த ஆண்டில் அவருடைய பாட்டனிடம் இருந்தது தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் ஓர் எண்ணும், அதிகம் போனால் ஒரு பிடி மண்ணும்.

காகிதத்தை நம்பி மனிதரைப் பிரித்ததில் இலங்கை இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இதே ஏலமலையின் தென்பகுதிக்கு, கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் கவி தோட்டத்துக்கு, ஏலக்காய் எடுக்க வந்தார்கள். இலங்கையில் இந்தியாக்காரர்கள், இந்தியாவில் சிலோன்காரர்கள். மாத்தளை முத்துமாரியம்மனை விட்டு வந்தவர்களுக்குப் பாட்டன் ஊரின் குலசாமி கோயில் போகும் வழியே மறந்திருந்தது. இரண்டு இடத்திலும் இருக்கலாம் என்று சாமிக்குக் கிடைத்த வசதியை அரசுகள் மனிதருக்குக் கொடுக்கவில்லை.

சாவில் வித்தியாசம் இல்லை என்பார்கள். மலையில் அதுவும் உண்டு. மூணாறு சிஎஸ்ஐ தேவாலயத்துக்கு மேலே ஒரு கல்லறை. 1894-இல் அங்கே வந்த சில நாளில் காலராவில் இறந்த எலினார் இசபெல் மே என்ற இங்கிலாந்துப் பெண்ணுடையது. முதலில் கல்லறை, பல ஆண்டு கழித்தே தேவாலயம். ஒருத்தியைப் புதைத்ததால் அந்தக் குன்று வெள்ளையருக்குப் புனிதம் ஆயிற்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது இறந்தவர்கள் 70 பேர். பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். கிடைத்த உடல்களை ராஜமலையிலேயே சேர்த்து அடக்கம் செய்தார்கள். அவர்கள் வாழ்ந்த லயம் கம்பெனியுடையது. நிலமும் அவர்களுடையது அன்று. தலைமுறைகளாக உழைத்த மலையில் அந்தக் குடும்பங்களுக்குத் தமதென்று சொல்லக் கிடைத்த நிலம் அந்தப் புதைகுழிதான்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்துத் திருப்பூர், கோவை, கொச்சி என்று போய்விட்டார்கள். ஏலத்தோட்டங்களிலும் தேயிலையிலும் ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பங்கள் அதே லயங்களில் குடியிருக்கின்றன. கங்காணிக்குப் பதில் ஏஜென்ட். போடி ரயிலுக்குப் பதில் தன்பாத்திலிருந்து வரும் ரயில். ஒரு காலத்தில் தமிழர்களைப் பற்றிச் சொன்னதையே இன்று தமிழர்களும் மலையாளிகளும் ஒரே குரலில் இவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள்: கூலியைக் கெடுக்கிறார்கள், சுத்தமில்லை, இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர்கள்.

ஜார்க்கண்ட் ஆதிவாசிகளில் பலர் சர்னா வழியைப் பின்பற்றுகிறவர்கள். அவர்களுடைய தெய்வம் சால் மரத் தோப்பில் குடியிருக்கிறது. அவர்களுடைய சமயத்தை மக்கள்தொகைக் கணக்கில் தனியாகப் பதிய வேண்டும் என்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் போட்டது. ஏலமலையில் நிழலுக்கு எத்தனையோ மரம் நிற்கிறது. சால் மரம் இல்லை. மதுரைக்காரர்களும் நெல்லைக்காரர்களும் நூறாண்டுக்கு முன்னால் இதே லயத்து வாசலில் நின்று யோசித்த கேள்வி இப்போது இவர்களுடையது. விட்டு வந்த சாமியை இங்கே எங்கே வைப்பது?

அவர்களை மாரியம்மன் பக்தர்களாக மாற்றுவது இதற்குத் தீர்வு அன்று. பிடிமண் மரபு அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சாமிக்கு முதல் மரியாதை, வந்த சாமிக்கு அருகில் ஓர் இடம் என்பதே அதன் முறை. எஸ்டேட் நிர்வாகம் லயத்துக்கு வெளியே ஒரு மூலையை ஒதுக்கினால் அவர்கள் எந்த மரத்தை நட வேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள். கேரள அரசும் தமிழ்நாட்டு அரசும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 1950-க்கு முந்தைய காகிதத்தைக் கேட்பதை விட்டு, செக்ரோலையும் பள்ளிக்கூடப் பதிவையும் சான்றாக ஏற்க வேண்டும். கோயில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த திருவிழாவுக்குச் சாட்டிவிட்டு வரி நோட்டோடு லயத்துக்குப் போகும்போது அந்த ஜார்க்கண்ட் குடும்பத்தின் வாசலிலும் நில்லுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். கேட்காமல் தாண்டிப் போகாதீர்கள்.